தொழிற்சங்கம் ஏன் அரசியலும் பொருளாதாரமும் சூழலும் பேச வேண்டும்? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஒருவரைச் சங்கத்தில் சேர அழைத்தால், சந்தா எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாக அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: நம் கூலியைப் பேசாமல் ஊர்ப் பிரச்சினை, நாட்டுப் பிரச்சினையெல்லாம் சங்கத்துக்கு எதற்கு? அந்தக் கேள்விக்கும் அதிலிருந்து கிளைக்கும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் தரப்படுகிறது. கட்டடத் தொழிலாளர், நெசவாளர், கடை ஊழியர், மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் கரிமூட்டத் தொழிலாளர், வங்கி ஊழியர் ஆகியோரையும் அவர்கள் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

கூலி உயர்வும் போனஸும் கேட்பதோடு சங்கம் நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

கூலி முதலாளியின் கல்லாவில் மட்டும் முடிவாவதில்லை. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவரை எடுத்துக்கொள்வோம். நூல் விலை ஏறினால் அவருக்குக் கிடைக்கும் நெசவுக் கூலிதான் முதலில் நெருக்கப்படுகிறது. நூற்பாலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கைக் கைத்தறிக்கான சிட்டா நூலாக, அதாவது கழிகளாகச் சுற்றிய நூலாக, தர வேண்டும் என்ற விதியை வகுப்பது மத்திய அரசு. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டக் கூடாது என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டம். அதை அதிகாரிகள் எவ்வளவு கறாராக அமல்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே தறியில் அடுத்த பாவு ஏறுமா என்பது தெரியும். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அதே கட்டமும் அதே கரையும் விசைத்தறியில் ஓடி, பாதி விலைக்குக் கடையில் தொங்கினால், அந்தக் குறியீட்டால் நெசவாளியின் வீட்டில் கூடுதலாக ஒரு படி அரிசிகூட வேகாது. இவற்றைப் பேசாமல் கூலியை மட்டும் பேசும் சங்கம், தன் உறுப்பினரின் கூலியைத் தீர்மானிக்கும் இடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

இது புதிதாகக் கிளம்பிய வழக்கமும் அல்ல. தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். கூலி உயர்வு பெற்று வேலைக்குத் திரும்பிய அதே தொழிலாளர்கள், மார்ச் மாதம் அவ்விருவரும் கைதானபோது அரசியல் காரணத்துக்காகவே மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். 1918இல் சென்னையில் பி.பி.வாடியாவின் தலைமையில் உருவாகி, திரு.வி.க. உழைத்து வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று கருதப்படுகிறது. 1923 மே 1 அன்று சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரும் அரசியல், உழைப்பு இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் வட்டாரத்திலேயே, சிராவயலில் ஆசிரமம் நடத்திவந்த ப.ஜீவானந்தத்தை 1927இல் காந்தியடிகள் அங்கு வந்து சந்தித்தார். பிற்காலத்தில் தமிழகத் தொழிலாளர் இயக்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவராக எழுந்தவர் அந்த ஜீவாதான்.

சங்கம் அரசியல் பேசச் சட்டம் இடம் தருகிறதா? என் சந்தாப் பணத்தை அதற்குச் செலவிடலாமா?

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தருகிறது. நிதியைப் பொறுத்தவரை, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தெளிவான ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பொது நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று அதன் 15ஆம் பிரிவு வரையறுத்தது. அரசியல் நோக்கங்களுக்குத் தனி நிதி திரட்டிக்கொள்ள 16ஆம் பிரிவு அனுமதித்தது. அந்தத் தனி நிதிக்குப் பணம் தரும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது; தராதவருக்குச் சங்கத்தின் பலன்களில் எதையும் மறுக்கவும் முடியாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருந்தாலும், பொது நிதி வேறு, அரசியல் நிதி வேறு என்ற பிரிவினையை அதுவும் தொடர்கிறது.

ஆகவே, நீங்கள் கட்டும் மாதச் சந்தாவிலிருந்து தேர்தல் செலவுக்குப் பணம் எடுக்கப்படுகிறது என்று சந்தேகம் வந்தால், வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள். இரண்டு நிதிக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்ல சங்கத்தின் அடையாளம்.

சங்கம் என்றாலே ஏதோ ஒரு கட்சியின் கிளைதானே?

பெரிய மத்தியச் சங்கங்கள் பலவற்றுக்கும் கட்சிகளோடு உறவு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உறவு வேறு, கட்டளைக்குக் கீழ்ப்படிவது வேறு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வைச் சேர்ந்த தொழிலாளர் முன்னேற்றச் சங்கமும் எதிர்ப்பில் சேர்ந்தது. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். தன் கட்சியின் அரசு கொண்டுவந்ததையே ஒரு சங்கம் எதிர்க்க முடிந்ததால்தான் அவ்வளவு விரைவில் பலன் கிடைத்தது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சங்கத்தை எடைபோட வேண்டுமானால், அதன் கொடியின் நிறத்தைப் பார்ப்பதைவிட, தனக்கு வேண்டிய கட்சி ஆட்சியில் இருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

பொருளாதாரக் கொள்கை வல்லுநர்களின் வேலை. தொழிலாளிக்கு அதில் என்ன தெரியும்?

வல்லுநர் அறிக்கையில் படிப்பதைத் தொழிலாளி வங்கிக் கவுண்டரில் அமர்ந்து நாள்தோறும் பார்க்கிறார். கானாடுகாத்தான் எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் கிளை திறந்தது. அவ்வங்கி 1969இல் நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளுள் ஒன்று. அந்த நாட்டுடைமைக்காக அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் முன்பிருந்தே இயக்கம் நடத்தியது. இரண்டு பொதுத்துறை வங்கிகள் தனியார்மயமாகும் என்று 2021 வரவு செலவுத் திட்டம் அறிவித்தபோது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு நாளும் டிசம்பரில் இரண்டு நாளும் வங்கி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு அல்ல. கிராமக் கிளைகள் மூடப்படுமா, நகைக்கடனும் பயிர்க்கடனும் நம் போன்றவருக்குக் கிடைக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பெருங்கடன் வாங்கித் திருப்பாதவர்களின் பட்டியலை அந்த ஊழியர் சங்கமே பலமுறை வெளியிட்டிருக்கிறது. இதைவிடப் பொதுநலனுக்கான பொருளாதார விவாதம் வேறு எது?

இங்கே பெரிய ஆலை இல்லையே. நாலு பேர் வேலை பார்க்கும் இடத்தில் சங்கம் எதற்கு?

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. செட்டிநாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கில் கூடி வேலை செய்கிறவர்கள் அல்லர். கொத்தனார், சித்தாள், தச்சர், ஆத்தங்குடித் தரைக்கல் ஊற்றுகிறவர், கல்யாண வீட்டுச் சமையல்காரர், ஜவுளிக் கடையில் நிற்கும் பெண், ஓலைக் கொட்டான் பின்னும் பாட்டி என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களில் பலருக்கும் எதிரே உட்கார்ந்து பேச நிரந்தர முதலாளி என்று ஒருவர் இல்லை. அதனால்தான் இவர்களின் சங்கம் அரசை நோக்கிப் பேச வேண்டியிருக்கிறது. இவர்களுக்குக் கிடைத்த பெரிய உரிமைகள் சட்டத்தின் வழியாகவே வந்தன.

தமிழகத்தில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரின் தலைமையில் கட்டடத் தொழிலாளர்கள் நாடு முழுக்க நடத்திய நீண்ட இயக்கத்துக்குப் பிறகு, 1996இல் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு பங்கை நல நிதிக்காக வசூலிக்கும் சட்டமும் நிறைவேறின. இன்று வசூலாவது ஒரு சதவீதம். கொத்தனாரின் மகளுக்கு வரும் கல்வி உதவித்தொகையும் அறுபது வயதில் வரும் ஓய்வூதியமும் அந்தப் போராட்டத்தின் பயன்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2018இல், கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. தீபாவளிக் கூட்டத்தில் காலை முதல் இரவு வரை நின்றே சேலை விரித்துக் காட்டுகிறவரின் கால் வீக்கத்தைப் பார்த்திருந்தால், ஒரு முக்காலிக்குச் சட்டமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சட்டம் வந்த பிறகும் இருக்கை போடாத கடைகள் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்பதற்கும் சங்கம் வேண்டும்.

சுற்றுச்சூழல் பற்றிச் சங்கம் பேசுவது எதற்கு? அதற்குத் தனி அமைப்புகள் இருக்கின்றனவே?

எந்த நஞ்சும் ஊருக்குள் பரவும் முன் தொழிலாளியின் உடம்பில்தான் இறங்குகிறது. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். பாதுகாப்பு சரியில்லை என்று அங்கிருந்த சங்கங்கள் எச்சரித்தன. கேட்பார் இல்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நடந்த நச்சுவாயுக் கசிவை உலகம் அறியும். அதன் பிறகுதான், 1987இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்து நெருங்குகிறது என்று தொழிலாளி எச்சரிக்கும் உரிமை அதில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் கொடைக்கானல் வெப்பமானி ஆலை இன்னொரு சான்று. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. சூழல் அமைப்புகளும் முன்னாள் தொழிலாளர்களும் கைகோத்து நடத்திய நீண்ட போராட்டத்தின் முடிவில், 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. 2022இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, உடல்நலத்துக்கு ஏற்ற வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் ஊருக்கு வருவோம். ஆத்தங்குடியில் கல் செய்யும் கொட்டகையில், சதுரக் கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். பிறகு ஈரக் கலவையைப் போட்டு அழுத்திச் சமன்செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தப் பூ மட்டும் தெரிகிறது. தூவும் பொடி மூச்சில் போவதையும், ஈரச் சிமெண்டில் விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாவதையும் தெரிந்தவர் அங்கே வேலை செய்கிறவர்தான். கையுறை, முகக்கவசம், மருத்துவப் பரிசோதனை கேட்பதைச் சுற்றுச்சூழல் கோரிக்கை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அது அங்கேதான் தொடங்குகிறது.

வெயிலும் அப்படித்தான். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரை வெயிலில் தளம் போடும் வேலையை விடியற்காலையில் தொடங்கி உச்சிக்கு முன் முடிப்பது, வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் வைப்பது, இடைவேளை நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரிடமும் எழுதி வாங்கும் வேலையைக் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.

சூழலைக் காக்கப் போய் வேலை பறிபோனால்?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான். சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் அது கெடுக்கிறது என்பதால் அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை மாநில அரசு வகுத்தது. கண்மாய்க்குள் புதராக மண்டிய கருவேலத்தைப் பார்த்த விவசாயிக்கு இதில் மறுபேச்சில்லை. ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண் பூசித் தீ வைத்தால், மூட்டம் நாள்கணக்கில் உள்ளுக்குள் புகையும். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் கட்டை முழுதும் சாம்பலாகிவிடும் என்பதால், இரவிலும் ஒருவர் அருகிலேயே கண்விழித்துப் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்திடம் மரம் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது அநியாயம். மரம் இருக்கட்டும் என்று சொல்லி அவர்களை அந்தப் புகைக்குள்ளேயே விட்டுவிடுவதும் அநியாயம்தான்.

உலகத் தொழிற்சங்க இயக்கம் இதற்கு வைத்திருக்கும் விடை, நியாயமான மாற்றம் என்ற கோரிக்கை. அமெரிக்க எண்ணெய், வேதித்துறைத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மசோக்கி விதைத்த கருத்து அது. தொழில் மாறும்போது அதில் இருந்தவருக்கு வருமானமும் மறுபயிற்சியும் மாற்று வேலையும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே அது இடம்பெற்றது. நம் வட்டாரத்தில் இது எப்படி இருக்கும்? மரத்தை வேரோடு அகற்றும் வேலையையும், அங்கே நாட்டு மரங்களை நட்டு வளர்க்கும் வேலையையும், கண்மாய், ஊருணி வரத்துக்கால்களைத் தூர்வாரும் வேலையையும் முதலில் கரிமூட்டக் குடும்பங்களுக்கே, சில ஆண்டுகளுக்கு உறுதியான கூலியோடு தர வேண்டும். ஒப்பந்தக்காரர் வெளியூரிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரு வாரத்தில் முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போகிற ஏற்பாட்டைச் சங்கம் எதிர்க்க வேண்டும்.

சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சங்கர் குஹா நியோகி செய்தது இந்த வழியில் பெரிய முன்மாதிரி. சுரங்கம் முழுக்க இயந்திரமயமானால் ஆயிரக்கணக்கானவர் வேலை இழப்பார்கள் என்று மறுத்ததோடு நிற்காமல், பாதி இயந்திரம், பாதி மனித உழைப்பு என்று கணக்குப் போட்டு ஒரு மாற்றுத் திட்டத்தையே அவருடைய சங்கம் முன்வைத்தது. சாராய ஒழிப்பும் தொழிலாளர்கள் தாமே எழுப்பிய மருத்துவமனையும் அதே சங்கத்தின் பணிகள். அவர் 1991 செப்டம்பர் 28 அன்று கொலை செய்யப்பட்டார்.

பழைய செட்டிநாட்டு வீடுகள் இடிபடுவதில் கட்டடத் தொழிலாளர் சங்கம் சொல்ல என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது, ஆனால் இதுவரை போதிய அளவு சொல்லப்படவில்லை. பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்களும் கொண்ட வீடுகள், பங்காளிகள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சிதறிப் பராமரிப்பார் இல்லாமல் பாழடைந்து, பிரித்து விற்கப்படுகின்றன. தூணும் நிலையும் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அந்தப் பட்டியல் ஒரு வீட்டையும் தானாகக் காத்துவிடாது.

ஆஸ்திரேலியாவில் 1971இல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிட்னியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டை அழித்து வீடுகள் கட்ட முயன்றபோது, அப்பகுதிப் பெண்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் உதவியைக் கேட்டார்கள். ஊர் மக்கள் கூடி இதை விரும்புகிறார்கள் என்று காட்டுங்கள் என்றது ஜாக் மண்டி தலைமையிலான சங்கம். கூட்டம் கூடியது, அந்த நிலத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று சங்கம் தடை போட்டது. வெளி ஆட்களை வைத்துக் கட்டுவோம் என்று நிறுவனம் மிரட்டியபோது, அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள், அங்கே ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் பாதியிலேயே நிற்கும் என்று தீர்மானம் போட்டார்கள். பசுமைத் தடை என்று பெயர்பெற்ற அந்த முறையால், ராக்ஸ் என்ற சிட்னியின் பழைய குடியிருப்பு உள்படப் பல இடங்கள் தப்பின. மக்கள் வந்து கேட்காமல் சங்கம் தானாகத் தடை போடுவதில்லை என்ற நெறிதான் அதற்குப் பலம் தந்தது.

இதை அப்படியே இங்கே செய்ய முடியாது. வீடு தனியார் சொத்து. பிரிப்பவருக்குப் பண நெருக்கடி இருக்கலாம். தினக்கூலிக்குப் போகும் சித்தாளை, இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தொழிலாளியின் கணக்கிலேயே பார்த்தாலும் இடிப்பது நஷ்டம். பிரித்து அடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். பழுதுபார்க்கும் வேலையோ மாதக்கணக்கில் நீளும்; சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் மர வேலை தெரிந்த தச்சருக்கும் கூடுதல் கூலி கிடைக்கும்; கைத்திறன் இளைஞர்களுக்கும் போய்ச் சேரும். பழைய வீடுகளைப் பழுதுபார்க்க மானியமும் குறைந்த வட்டிக் கடனும், சுண்ணாம்பு வேலைக்கு நல வாரியத்தின் மூலம் உதவித்தொகையோடு பயிற்சியும் வேண்டும் என்று சங்கம் அரசிடம் கேட்க வேண்டும். வீட்டுக்காரரும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்று கேட்கக்கூடிய அரிய கோரிக்கை இது.

வேலைநிறுத்தம் செய்யாமல் இவற்றையெல்லாம் எப்படி வலியுறுத்துவது?

வேலைநிறுத்தம் கடைசிக் கருவி. புதிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு தராமல் அதைச் செய்ய முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். 2025 ஜூலை 9 அன்று பத்து மத்தியச் சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்ததற்கு இது உள்ளிட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களே முக்கியக் காரணம்.

அன்றாடக் கருவிகள் வேறு. தமிழகத்தில் கிராம சபை கூடும் நாட்களில் மே 1 ஒன்று. ஊருணி தூர்வாருவதையும் குவாரித் தூசியையும் அங்கே தீர்மானமாக்கலாம். குவாரி போன்ற திட்டங்களுக்குச் சூழல் அனுமதி தரும் முன், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்க வேண்டிய இனங்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் எழுத்தில் தரும் ஆட்சேபணை பதிவாகும். குறைந்தபட்சக் கூலி நிர்ணயத்தின் வரைவு அறிவிப்புக்கு ஆட்சேபணை அனுப்பலாம். நல நிதியாக மாவட்டத்தில் எவ்வளவு வசூலானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பலரும் இந்த வழிகளை அற்பமாக நினைக்கிறார்கள். தேதியோடும் கையொப்பத்தோடும் கோப்பில் ஏறிய ஒரு மனு, பின்னால் நீதிமன்றம் போகும்போது எவ்வளவு உதவும் என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அரசு ஊழியர் சங்கங்களும் இப்படிப் பேசலாமா?

நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது. 2003இல் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தம் தொடர்பான டி.கே.ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சங்கம் அமைக்கும் உரிமை அதனால் மறையவில்லை. ஓய்வூதியம், காலிப் பணியிடம், பள்ளி, மருத்துவமனை பற்றிச் சங்கமாகக் கருத்துச் சொல்லத் தடையில்லை. சங்க உரிமை தொடர்பான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பது இங்கே நினைவில் வைக்க வேண்டிய குறை.

சங்கத்தின் நிலைப்பாட்டை உறுப்பினர்கள் எல்லோரும் ஏற்காவிட்டால்?

ஏற்கத்தான் மாட்டார்கள். கரிமூட்டத் தொழிலாளியும், அதே ஊரில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி மிச்ச நாட்களில் கட்டட வேலைக்கு வருகிறவரும் சீமைக்கருவேலம் பற்றி ஒரே கருத்து சொல்லப்போவதில்லை. இந்த வேறுபாட்டை மறைத்து, தலைமை எழுதிக்கொண்டு வந்த தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றினால், அது தாளில்தான் இருக்கும். ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்க ஆள் வராது. கூலி அல்லாத எந்தக் கோரிக்கையையும் கிளைக் கூட்டத்தில் முதலில் விவாதித்து, பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைத்து, வாக்கெடுத்து, எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எதிர்த்து வாக்களித்தவரின் நல வாரிய விண்ணப்பத்தையும் மற்றவர்களுடையதைப் போலவே அக்கறையோடு நிரப்பிக் கொடுத்து, அடுத்த கூட்டத்துக்கும் அவரைத் தவறாமல் அழைக்க வேண்டும்.